அப்பா சிவப்புக் கோடு போட்ட வசனம்

எங்கள் வீட்டு பீரோவில் அப்பாவின் பைபிள் இருக்கிறது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர். அந்த பைபிளின் அட்டை எப்போதோ போய்விட்டது. அம்மா ஒரு பழைய பாவாடைத் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்த உறைதான் இன்றும் அதற்கு. அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வாக்குத்தத்தம் என்றால் நீலப் பென்சிலில் கோடு போடுவார். உபதேசத்துக்கு ஆதாரமான வசனம் என்றால் சிவப்பு. நீலம் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும், சிவப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதிலும் இரட்டைச் சிவப்புக் கோடு ஒரே ஒரு இடத்தில்தான். யோவான் எழுதின முதலாம் நிருபம், 5ஆம் அதிகாரம், 7ஆம் வசனம்.

"பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்."

திரித்துவத்துக்கு, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற உபதேசத்துக்கு, இதைவிட நேரான வசனம் வேண்டுமா? ஏழு வயதில் இதை ஒப்பித்து ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். பிறகு நானே சண்டே ஸ்கூல் டீச்சராகி, வருடா வருடம் திரித்துவ ஞாயிறன்று பிள்ளைகளை இதையே ஒப்பிக்கச் சொன்னேன். 1998இல் நான் சார்ட் அட்டையில் எழுதி மாட்டிய இந்த வசனம் எங்கள் வகுப்புச் சுவரில் இன்னமும் தொங்குகிறது. சரியாகச் சொன்னால், போன வருடம் ஜூன் வரைக்கும் தொங்கியது.

2025ஆம் வருடம் ஜூன் 15, திரித்துவ ஞாயிறு. ஆராதனை முடிந்து பக்கத்து ஹாலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்றைக்கு அவனுடைய அம்மாவின் பைபிளைக் கொண்டுவந்திருந்தான். அவன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். அது 1995இல் வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. நான் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். எல்லாரும் வாசிக்க, இவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"டீச்சர், இதுல அது இல்ல."

வாங்கிப் பார்த்தேன். சான்று அளிப்பவை மூன்று என்று ஏழாம் வசனம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எட்டாம் வசனத்தில் அந்த மூன்றும் எவை என்று வருகிறது. தூய ஆவி, நீர், இரத்தம். பரலோகத்தையும் காணோம், பிதாவையும் காணோம், வார்த்தையையும் காணோம்.

"உங்க பைபிள்ல எழுதிச் சேர்த்துட்டாங்களா, இல்ல எங்கம்மாவுதுல அடிச்சிட்டாங்களா டீச்சர்?"

"அது வேற மொழிபெயர்ப்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் 33 வருடம் தமிழ் நடத்தியவள் நான். ஒரு பிள்ளை இவ்வளவு சரியாகக் கேட்ட கேள்விக்கு இவ்வளவு மழுப்பலாக ஒரு பதில் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவன் கேட்டது இன்னதென்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் இடைச்செருகல்.

கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப் பாடல்கள் என்று தனியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பின்னால் வந்த யாரோ பாடிச் சேர்த்தவை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார், பாடபேதம் என்றால் என்ன, உரையில் கிடந்த வரி எப்படி மூலத்துக்குள் ஏறிவிடுகிறது, இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அந்தக் கண்ணோடு என் பைபிளை ஒரு நாளும் பார்த்ததில்லை. பைபிளும் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு மனுஷர் கையால் எழுதப்பட்டு வந்ததுதான் என்று தெரியாமல் இல்லை. தெரியும், நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் குருமனைக்குப் போனேன். எங்கள் ஐயருக்கு என் மகன் வயதுதான். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் ஊர் சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், ஜாதியோடு சம்பந்தம் கிடையாது.) விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அம்மா, இதை இந்த ஊரில் யாராவது என்னிடம் கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன்."

"நீங்களாகப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொல்லியிருந்தால் இந்தச் சேகரத்தில் இன்னும் இருந்திருப்பேனா?"

அவர் போனில் ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினார். சினாய் ஏடு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதி. பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது, இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கத்துக்கு நான்கு பத்தி. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நம் ஓலைச்சுவடி மாதிரியே. கிரேக்கம் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஏட்டைப் பார்த்ததும் கை தானாகக் கண்ணாடியைத் தேடியது. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று வந்து, அடுத்ததே ஆவி, ஜலம், இரத்தம். நடுவில் ஒன்றும் இல்லை. அதே காலத்து வத்திக்கான் ஏட்டிலும் இல்லை. நூற்றுக்கணக்கான கிரேக்க ஏடுகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில்தான் உண்டு. அவையும் மிகப் பிந்தியவை, சிலவற்றில் ஓரத்தில் பின்னால் எழுதிச் சேர்த்தது.

அந்த வரி வந்த வழி லத்தீன். மேற்கே லத்தீன் சபைகளில், ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்றையும் பிதா, குமாரன், ஆவிக்கு அடையாளமாக வைத்து விளக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டுக் கடைசியில் ஸ்பெயினில் பிரிசில்லியன் என்பவர் எழுதியதில் அந்த விளக்கமே வசனமாக வருகிறது. உரை மூலத்துக்குள் ஏறிவிட்டது. நான் கரும்பலகையில் போட்ட அதே படம்!

அப்புறம் டச்சு அறிஞர் எராஸ்மஸ் கதை. அவர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516இல் அச்சிட்டபோது இந்த வசனம் இல்லை. 1519 பதிப்பிலும் இல்லை. தான் பார்த்த கிரேக்க ஏட்டில் இல்லாததைப் போட முடியாது என்றார். அவரை வேதப்புரட்டன் என்று சொல்லாததுதான் குறை, அப்படி ஒரு கூச்சல். கடைசியில் இங்கிலாந்திலிருந்து வசனத்தோடு ஒரு கிரேக்க ஏடு வந்து சேர, 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த ஏடு எழுதப்பட்டது அதே பதினாறாம் நூற்றாண்டில்தான் என்கிறார்கள். மை காய்ந்த பிறகு அனுப்பினார்களா என்று கேட்கத் தோன்றியது எனக்கு. அந்த ஏடு இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? அயர்லாந்தில், டப்ளின் டிரினிட்டி காலேஜ் நூலகத்தில். டிரினிட்டி என்றால் திரித்துவம், பெயரைப் பாருங்கள்.

அந்தப் பதிப்பின் வழியில் வந்த கிரேக்க மூலத்திலிருந்துதான் 1611இல் இங்கிலீஷ் பைபிள். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் ஐயர் காலத்தில் 1871இல் வந்தது. இங்கிலாந்தில் திருத்திய பதிப்பு போட்டு இந்த வசனத்தை எடுத்தது 1881இல். பத்து வருட வித்தியாசம். அப்பாவின் சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வசனம் போனது பெரிதில்லை. இந்த ஒற்றைத் தூணில்தான் கூரை நின்றதா என்பதுதான் கவலை. ஐயர் சொன்ன ஒரு பெயர் மட்டும் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது: நசியான்சு ஊர் கிரகோரி. நான்காம் நூற்றாண்டுக்காரர். 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கத்துக்குக் கொஞ்ச நாள் தலைமை தாங்கியவர். பரிசுத்த ஆவியானவரும் தேவனே என்று அதற்கு முந்தைய வருடங்களில் அங்கே பேருரை ஆற்றியவர். அந்த உரையில் யோவானின் இதே இடத்தைத் தொடுகிறார். தொட்டு, இலக்கணம் பேசுகிறார்! "மூவர்" என்று கிரேக்கத்தில் ஆண்பாலில் போட்டுவிட்டு, பின்னால் ஆவி, ஜலம், இரத்தம் என்று ஆணும் பெண்ணும் அல்லாத மூன்று நபும்சக பாலைப் போட்டிருக்கிறாரே யோவான், இலக்கணம் இடிக்கிறதே என்று. (நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்த இடறல் தெரியாது. எட்டாம் வசனத்தில் "சாட்சியிடுகிறவைகள் மூன்று" என்று அஃறிணையாக்கிச் சரிசெய்துவிட்டார்கள்.) இதைப் பேசுகிறவர், பிதா வார்த்தை ஆவி என்ற வரியை மட்டும் எடுக்கவே இல்லை. திரித்துவத்துக்காக ஊர் முழுவதையும் பகைத்துக்கொண்ட மனுஷன், கையில் இப்படி ஒரு வசனம் இருந்தால் விட்டிருப்பாரா? அவர் ஏட்டில் அது இல்லை. இல்லாமலேதான் அவர் விசுவாசித்தார். அப்படியானால் தூண் வேறு எங்கோ இருக்கிறது.

ஆதியிலிருந்து தொடங்கினேன். தமிழ் டீச்சராகவே வாசித்தேன், எனக்கு வேறு ஆயுதம் இல்லை.

"ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." மூல மொழியான எபிரேயத்தில் தேவனைக் குறிக்கும் ஏலோகீம் என்ற சொல் பன்மை உருவம், அதன் வினைமுற்று ஒருமை, ஆகவே திரித்துவம் அங்கேயே ஒளிந்திருக்கிறது என்று கன்வென்ஷனில் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது தமிழைப் பார்த்தேன். தேவன், ஆண்பால் ஒருமை. சிருஷ்டித்தார், பலர்பால் விகுதி. எபிரேயத்துக்கு நேர் தலைகீழ்! நம் "ஆர்" விகுதியை வைத்து யாராவது திரித்துவம் பேசினால் சிரிப்போம். அது மரியாதைப் பன்மை. "ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி" என்று தொல்காப்பியத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, உயர்சொல் என்று. எபிரேயத்திலும் அதுபோல ஒரு வழக்காக இருக்கலாம் அல்லவா? இந்த வாதத்தை விட்டுவிட்டேன்.

"நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக." இது அவ்வளவு சுலபமாக விடுகிற இடம் இல்லை. எபிரேயத்தில் நாம், நாங்கள் என்று இரண்டு கிடையாது, ஒன்றேதான். தமிழில் எழுதுகிறவர் "நமது" என்றோ "எங்கள்" என்றோ முடிவு செய்தே ஆக வேண்டும். "நமது" என்றால் கேட்கிறவரும் அந்தச் சாயலுக்கு உடையவர். தேவன் தூதர்களைப் பார்த்துச் சொன்னார் என்று யூதர்களில் பலரும் இன்றைய அறிஞர்களில் பலரும் சொல்கிறார்கள். அப்படியானால் மனுஷன் தூதர் சாயலும் ஆகிறான். ஆனால் அடுத்த வசனம் தேவ சாயல் என்று மட்டும்தான் சொல்கிறது. நான் இதை ஆதாரம் என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன், கதவு திறந்து கிடக்கிறது என்று மட்டும் சொல்வேன். இஸ்ரவேலர் காலையும் மாலையும் சொன்னது வேறு: "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." உபாகமம் 6:4. சபைகளுக்கு நிருபங்கள் எழுதின பவுல் அந்த ஜனத்துக்குள்தான் பிறந்தார் என்பதை மறக்கக் கூடாது.

மறந்துவிட்டு வாசித்தால் 1 கொரிந்தியர் 8:6 சாதாரண வசனம். பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு, இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு என்கிறார். உபாகம வசனத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேவன், கர்த்தர், ஒருவர். அதே மூன்று சொற்கள். பவுல் தினமும் சொல்லி வளர்ந்த அறிக்கையை எடுத்து, "தேவன்" என்ற சொல்லைப் பிதாவுக்கும் "கர்த்தர்" என்ற சொல்லை இயேசுவுக்கும் கொடுக்கிறார். இரண்டு தேவர்கள் என்று சொல்லவில்லை. ஒன்றென்ற அறிக்கைக்கு உள்ளேயே இயேசுவை வைக்கிறார். பிலிப்பியர் 2லும் அப்படியே. ஏசாயா 45இல் "நானே தேவன், வேறொருவரும் இல்லை" என்று சொல்லிவிட்டு, முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும் என்கிறார் கர்த்தர். அந்த முழங்கால்களைப் பவுல் இயேசுவின் நாமத்தில் முடக்குகிறார். யூத மதக் கண்டிப்பில் வளர்ந்த ஒரு பரிசேயன் கை நடுங்காமல் இதை எழுதினான் என்றால், எழுதுவதற்கு முன்னாலேயே அந்தச் சபைகள் இயேசுவை அப்படித்தான் தொழுதுகொண்டிருந்தன.

2 கொரிந்தியரின் கடைசி வசனத்தை நான் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஆராதனையும் அதில்தான் முடிகிறது, கிருபையும் அன்பும் ஐக்கியமும். செருப்பு எங்கே விட்டோம் என்று யோசிக்கிற நேரம் அது. ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதின கடிதம். சிலுவை நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடம்தான் ஆகியிருந்தது. எந்த விளக்கமும் இல்லாமல் கர்த்தராகிய இயேசு கிறிஸ்து, தேவன், பரிசுத்த ஆவி என்று மூவரையும் ஒரே வாழ்த்தில் சேர்த்து முடிக்கிறார். விளக்கம் தேவைப்படாத அளவுக்குக் கொரிந்து சபைக்கு அது பழகியிருக்கிறது. மத்தேயு 28:19இல் ஞானஸ்நானமும் அப்படியே. "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே." நாமங்களிலே என்று இல்லை. கிரேக்கத்திலும் ஒருமைதான் என்று ஐயர் சொன்னார்.

கான்ஸ்டன்டைன் ராஜா 325இல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கத்தில் ஓட்டெடுத்து இயேசுவைத் தேவனாக்கினான் என்று வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு தரம் வருகிறது. நிசேயா இருந்தது பித்தினியா நாட்டில். அதே நாட்டுக்கு 112 வாக்கில் தேசாதிபதியாக இருந்த பிளினி, இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனாக எண்ணிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று ரோமச் சக்கரவர்த்திக்கு எழுதியிருக்கிறான். அவன் கிறிஸ்தவன் இல்லை, அவர்களைக் கொன்றவன். அது நிசேயா சங்கத்துக்கு இருநூறு வருடம் முந்தி. நிசேயாவில் நடந்தது, அலெக்சாந்திரியா மூப்பர் ஆரியு குமாரன் சிருஷ்டிக்கப்பட்டவர் என்று சொன்னபோது, இல்லை, பிதாவோடே ஒரே தன்மையுடையவர் என்று அதற்கு ஒரு சொல் கண்டுபிடித்தது. அந்தச் சொல் பைபிளில் இல்லை. திரித்துவம் என்ற சொல்லும் பைபிளில் இல்லை. ஆரியுவும் வெறுங்கையோடு வரவில்லை, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28ஐக் கையில் வைத்திருந்தார். இதை மறைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

உதாரணங்களும் போயின. தண்ணீர், ஐஸ்கட்டி, ஆவி என்று ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய் நடத்தியவள் நான். ஒரே தண்ணீர் மூன்று வேஷம் போடுகிறது என்றால், யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றுக் குமாரன் தண்ணீரிலிருந்து ஏறுகிறபோதே ஆவி புறாவைப்போல் இறங்கி, அதே நேரம் வானத்திலிருந்து பிதாவின் சத்தம் வருகிறதே, அது எப்படி? இந்த வேஷக் கொள்கையை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டார்கள். நான் அதைத்தான் இத்தனை வருடம் பக்தியோடு நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். முட்டை இன்னும் மோசம், ஓடும் வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியே முட்டை ஆகாது. கிரகோரி அந்தப் பேருரையின் கடைசியில் ஊற்று, ஓடை, ஆறு என்றும் சூரியன், கதிர், ஒளி என்றும் உதாரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் பொருந்தவில்லை என்று எல்லாவற்றையும் கீழே வைத்துவிடுகிறார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கடைசியாக யோவான் சுவிசேஷம். முதல் வசனத்தில் "வார்த்தை இருந்தது", அஃறிணை. இரண்டாம் வசனத்தில் "அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்", உயர்திணை. ஒரு முற்றுப்புள்ளியைத் தாண்டுவதற்குள் திணை மாறுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் திணை வழு என்று சிவப்பு மையில் சுழித்திருப்பேன். மொழிபெயர்த்தவர்கள் தெரிந்தேதான் இந்த வழுவைச் செய்திருக்கிறார்கள், வேறு எப்படிச் சொல்வது?

10:30. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்." ஒருவராயிருக்கிறோம் என்று இல்லை, ஒன்றாய். வினைமுற்றில் ஓம், தன்மைப் பன்மை. கிரேக்கமும் அப்படியே இருக்கிறதாம், ஒன்று என்ற நபும்சகமும் பன்மை வினையும். கார்த்தேஜ் ஊர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே, பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்றவர்களிடம் வழக்காடியிருக்கிறார். லத்தீனில் திரித்துவத்துக்கு அந்தப் பெயரைப் புழங்கவிட்டவரும் அவர்தான். நிசேயாவுக்கு நூறு வருடம் முந்தி, எங்களைப் போல ஒரு இலக்கணவாதி.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. 14:23இல் இயேசு சீஷர்களிடம் பேசுகிறார். தம்மில் அன்பாயிருக்கிறவனைப் பற்றி, "நாங்கள் அவனிடத்தில் வந்து அவனோடே வாசம்பண்ணுவோம்" என்கிறார். நாங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற சீஷர்கள் அதில் சேர்த்தியில்லை. பிதாவும் குமாரனும் அந்தப் பக்கம். 17ஆம் அதிகாரத்தில் கண்களை வானத்துக்கு ஏறெடுத்துப் பிதாவிடம் பேசுகிறார். "நாம் ஒன்றாயிருக்கிறதுபோல" என்கிறார். நாம். கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்று இரண்டு கிடையாது, வித்தியாசம் தெரியாதாம். இங்கிலீஷிலும் தெரியாது. தமிழில் தெரிகிறது, யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்பது. அதோடு 21ஆம் வசனத்தில் சீஷர்களைப் பற்றி, அவர்களெல்லாரும் "நம்மில்" ஒன்றாயிருக்கவும் என்று கேட்கிறார். சிருஷ்டிக்கப்பட்ட ஒருவர் தேவனிடம் "நாம்" என்று சொல்லி, அதற்குள் வேறு ஆட்களையும் அழைத்து உட்கார வைக்க முடியுமா? மோசேயோ எலியாவோ இப்படி ஒரு "நம்மில்" சொல்லி நான் வாசித்ததில்லை.

மணி இரண்டரை. அப்பாவின் பைபிளை எடுத்துப் பார்த்தேன். யோவான் 17இல் ஒரு கோடும் இல்லை, நீலம்கூட இல்லை. எனக்கு அப்பாமேல் கோபம் வரவில்லை. கையில் கிடைத்த ஏட்டை நம்பி வாசித்தார். அந்தச் சிவப்பை நான் அழிக்கப் போவதில்லை. நான் ஒரு பென்சில் தேடினேன். பேத்தியின் பெட்டியில் பச்சைதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் போன வாரம் மழுப்பியதை ஒப்புக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். ஏடு, ஓரக் குறிப்பு, எராஸ்மஸ் எல்லாம். எட்டாம் வகுப்புப் பையன்கள் துப்பறியும் கதை மாதிரி கேட்டார்கள். 1998 சார்ட்டைக் கழற்றித் திருப்பி, பின்பக்கம் 2 கொரிந்தியர் 13:14ஐ எழுதச் சொன்னேன். கேள்வி கேட்ட பையன்தான் எழுதினான். "ஐக்கியமும்" என்பதற்கு ஒரு க் அதிகம் போட்டான், வெள்ளை மை வைத்துத் திருத்தினேன். மூத்தவர்கள் இரண்டு பேர் வந்து, இருந்த வசனத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். இன்னமும் கேட்கிறார்கள். எடுக்கவில்லை, திருப்பித்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையன் நிற்கவில்லை. போன வாரம் மாற்கு 13:32ஐக் கொண்டுவந்தான். அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார், குமாரனும் அறியார். "ஒரே தன்மைன்னா இது எப்படி டீச்சர் தெரியாமப் போகும்?" இந்தத் தடவை பாட்டுக்குத் தாவவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன். போதாததற்கு ஐயரும் ஊரில் இல்லை.